உங்கள் சேமலாப நிதியில் கை வைத்தது யார்?

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று ஆறு பக்கம். எழுதியவர் இலங்கையின் மேல் மாகாணத்தில் வேலை செய்யும் 49 வயதுத் தாய். பெயரையும் ஊரையும் தொழிற்சாலையையும் மறைத்துச் சுருக்கம் தருகிறேன்.

2002 இல் சுதந்திர வர்த்தக வலயம் ஒன்றிலுள்ள ஆடைத் தொழிற்சாலையில் மெஷின் ஒப்பரேட்டராகச் சேர்ந்தார். இன்று அதே இடத்தில் லைன் சூப்பர்வைசர். கணவர் காலமாகி ஏழு வருடம். 20 வயதில் ஒரு மகன். மலையகப் பக்கத்துச் சொந்த ஊரில் கூரை வரை எழும்பி நின்றுபோன ஒரு வீடு. ஊழியர் சேமலாப நிதியத்தில் (ஈபிஎஃப்) 28 இலட்சத்துச் சொச்சம் இருக்கிறது. இன்னும் சில மாதங்களில் 50 வயது ஆகிறது.

“2023 இல் கடன் மறுசீரமைப்பு என்று சொல்லி எங்கள் ஈபிஎஃப் காசை அரசாங்கம் எடுத்துவிட்டது. மிச்சத்தையும் எடுக்கு முன் முழுவதையும் வெளியே எடுத்து நகையாக வாங்கு என்கிறார் அண்ணர். பினான்ஸ் கொம்பனியில் வேலை செய்யும் மருமகன், தங்களிடம் வைப்பிலிட்டால் கூடின வட்டி என்கிறான். உள்ளூராட்சித் தேர்தல் நேரம் ஒரு வேட்பாளரின் ஆள் வீட்டுக்கு வந்து, நாங்கள் வென்றால் ஈபிஎஃபில் பாதியை உடனே எடுக்க வழி செய்வோம் என்று அடையாள அட்டை இலக்கத்தையும் ஈபிஎஃப் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போனார். அவர் தோற்றார். என் மகன் வாக்களிக்கவே போகவில்லை. எல்லாரும் கள்ளர் அம்மா, யார் வந்தாலும் உங்கள் காசில்தான் கை வைப்பார்கள் என்கிறான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நான் என்ன செய்ய?”

ஐந்தாம் பக்கத்தின் ஓரத்தில், பிறகு நினைவு வந்து எழுதியது போல, ஒரு வரி: “2020 ஏப்ரல் முதல் 2021 மே வரை 14 மாதம் பே ஷீட்டில் ஈபிஎஃப் வெட்டியிருக்கிறது, கணக்கில் இல்லை. அதுவும் அரசாங்கம் எடுத்ததுதான் என்று நினைக்கிறேன்.”

சகோதரி, அந்த ஓரத்து வரிதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதற்கு வருவேன். முதலில் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் ‘அரசாங்கம்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அது சில இடங்களில் திறைசேரியைக் குறிக்கிறது, சில இடங்களில் மத்திய வங்கியை, ஓரிடத்தில் தொழில் திணைக்களத்தை. கையில் கொப்பியுடன் வந்த அந்த வேட்பாளரின் ஆளையும் அதற்குள் போட்டிருக்கிறீர்கள். கடைசியில் உங்கள் முதலாளியும் அதே சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டார். உங்கள் சந்தேகம் தவறு என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த நாட்டில் சேமலாப நிதியைச் சந்தேகிக்காதவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும். ஆனால் இழந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், திரும்ப வாங்கக்கூடியது எது, இனி வராதது எது என்று தெரியும்.

2022 இல் போனது, 2023 இல் போனது

உங்கள் கணக்கிலிருந்து 2023 இல் ஒரு ரூபாவும் கழிக்கப்படவில்லை. மீதிக் கூற்றைப் பார்த்தால் நீங்களே சரிபார்க்கலாம். அந்த வருடம் யூலை 1 அன்று பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை நிறைவேற்றியது. சேமலாப நிதியம் தன் காசின் பெரும்பகுதியைத் திறைசேரி முறிகளில், அதாவது அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனாக, வைத்திருந்தது. அந்த முறிகளைக் கொடுத்துவிட்டு 2027 முதல் 2038 வரை முதிரும் புதிய முறிகளை வாங்க வேண்டும். அவற்றுக்கு ஆரம்பத்தில் 12 வீத வட்டி, பிறகு 9 வீதம். மாற்றாவிட்டால், முறி வருமானத்துக்கான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாக ஏறும். விருப்பத்தின் பேரில் பங்குபற்றலாம் என்று எழுதியிருந்தது. கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு விருப்பம் கேட்பதற்கு எங்கள் சட்டத்தில் வேறு பெயர் உண்டு.

அந்தச் சுமையை வங்கிகளின் தலையில் வைக்கவில்லை. வைத்தால் வங்கிகள் விழும், வைப்பாளர்கள் பதறுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். காரணத்தில் பொருள் இருக்கிறது. ஆனாலும் முறி வைத்திருந்தவர்களில் வாய் திறக்க வழியே இல்லாதவர்களிடமிருந்து வாங்கினார்கள் என்ற உங்கள் கோபம் நியாயமானது. சேமலாப நிதியத்தின் காசைப் பராமரிப்பது மத்திய வங்கியின் ஆளுகைச் சபை. காசின் சொந்தக்காரரான தொழிலாளருக்கு அந்த மேசையில் ஒரு கதிரை இல்லை. அதாவது 2023 இல் எதிர்காலத்தில் நீங்கள் பெற்றிருக்கக்கூடிய வட்டியின் ஒரு பகுதி போனது. முதல் அப்படியே இருந்தது.

பெரிய அடி அதற்கு முந்திய வருடம் விழுந்தது. யாரும் அதற்குக் கூட்டம் போட்டு வாக்கெடுக்கவில்லை. 2022 டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்திய டிசம்பரைவிட 57.2 வீதம் உயர்ந்திருந்தது. அந்த வருடம் உங்கள் கணக்குக்கு வந்த வட்டி 9 வீதம். 2021 முடிவில் உங்களிடம் 20 இலட்சம் இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் அது 21 இலட்சத்து 80 ஆயிரமாகக் கூடியது. ஆனால் அந்தக் காசுக்குக் கடையில் கிடைத்தது, முந்திய வருடம் 14 இலட்சத்துக்கும் குறைவான காசுக்குக் கிடைத்த அளவு சாமான்தான். கூற்றில் இலக்கம் ஏறியபடியால் யாருக்கும் உறைக்கவில்லை.

இப்போது உங்கள் அண்ணருக்குப் பிடிக்காத ஒரு கணக்கு. 2023 இல் சேமலாப நிதியம் 13 வீதமும் 2024 இல் 11 வீதமும் வட்டி அறிவித்தது. அதே காலத்தில் விலைவாசி அடங்கியது: 2023 டிசம்பரில் 4 வீதம், 2024 டிசம்பரில் சைபருக்கும் கீழே. எனவே உங்களிடம் அந்தக் காசு பறிக்கப்பட்டதாக எல்லோரும் சொல்லும் காலத்தில்தான் அது கொஞ்சம் தேறியது. முழுதாகத் தேறவில்லை. அந்த 20 இலட்சம் 2024 முடிவில் 27 இலட்சத்துச் சொச்சமாக நிற்கும். அதன் வலுவோ பழைய காசில் ஏறக்குறைய 17 இலட்சம். மூன்று இலட்சத்தின் வலு போய்விட்டது, அதை எந்த நீதிமன்றத்தாலும் உங்களுக்கு வாங்கித் தர முடியாது.

அதற்கு முந்திய கதைகளும் உண்டு. 2015 பெப்ரவரி 27 இல் 100 கோடி ரூபாவுக்கென்று மத்திய வங்கி அழைத்து 1,000 கோடிக்கு ஏற்றுக்கொண்ட முறி ஏலமும், பிறகு சேமலாப நிதியம் இரண்டாந்தரச் சந்தையில் முறிகள் வாங்கிய விதமும் ஜனாதிபதி ஆணைக்குழு வரை போயின. விபரத்துக்குள் போகவில்லை. உங்கள் சந்தேகத்துக்குப் பரம்பரை இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

அந்தப் 14 மாதம்

இது வேறு. இந்தக் காசு அரசாங்கத்திடம் போய்ச் சேரவே இல்லை.

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டப்படி உங்கள் சம்பளத்தில் 8 வீதத்தை வெட்டி, தன் பங்காக 12 வீதத்தைச் சேர்த்து, அடுத்த மாத முடிவுக்குள் நிதியத்துக்கு அனுப்புவது முதலாளியின் கடமை. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கான 3 வீதமும் அவருடைய செலவு. பே ஷீட்டில் வெட்டு விழுந்திருக்கிறது, கணக்கில் வரவு இல்லை என்றால், வெட்டிய உங்கள் 8 வீதமும் அவர் போட வேண்டிய 12 வீதமும் வெளியே போகவில்லை என்பதுதான் பெரும்பாலும் பொருள். இலக்கம் மாறி வேறொருவர் கணக்கில் விழுவதும் நடக்கும். அதையும் விசாரித்தால்தான் தெரியும்.

அப்போதைய உங்கள் சம்பளம் 45,000 என்று எழுதியிருக்கிறீர்கள். 20 வீதம் என்றால் மாதம் 9,000. 14 மாதத்துக்கு ஒரு இலட்சத்து 26 ஆயிரம். இத்தனை வருட வட்டியும் சேர்ந்திருந்தால் இரண்டு இலட்சத்தை எட்டிப் பார்க்கும். திறைசேரியை நினைத்து நீங்கள் தூக்கம் கெட்ட இரவுகளில், திரும்ப வாங்கக்கூடிய இந்தக் காசு ஒரு கேள்வியும் கேட்கப்படாமல் கிடந்திருக்கிறது. முதலாளிமாருக்கு இது வசதி. “அரசாங்கம் சாப்பிட்டுவிட்டது” என்று லைனில் எல்லோரும் பேசிக்கொண்டால் அலுவலகக் கதவை யாரும் தட்டமாட்டார்கள்.

கொரோனாக் காலம் என்பதைக் காரணம் காட்டுவார்கள். ஓடர் இல்லை என்று சம்பளத்தைக் குறைத்திருக்கலாம். வெட்டியதை அனுப்பாமல் வைத்திருக்க அது உரிமை தராது. உங்கள் பிரதேசத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. (என் தொழிலுக்கு நட்டம், பரவாயில்லை.) தாமதத்தின் அளவைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை முதலாளியிடம் மேலதிகமாக அறவிடச் சட்டத்தில் இடமுண்டு. கட்டாவிட்டால் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றம் வரை கொண்டுபோகலாம்.

வேலை போய்விடுமா என்று பயப்படுவீர்கள். அந்தப் பயம் வெறுமனே வந்ததல்ல. முறையிட்டவரை வேறு லைனுக்கு மாற்றுவது, ஓவர்டைம் கொடுக்காமல் விடுவது எல்லாம் நடக்கிறது. ஆகவே தனியாகப் போகாதீர்கள். உங்களுக்கு 14 மாதம் விடுபட்டிருந்தால் பக்கத்து மெஷின்காரிக்கும் விடுபட்டிருக்கும். நான்கைந்து பேரின் கூற்றுகளைச் சேர்த்துக்கொண்டு கூட்டாகப் போங்கள். அப்போது அதிகாரி முழுத் தொழிற்சாலையின் ஏடுகளையும் கேட்பார், உங்கள் பெயர் முன்னே நிற்காது. இரண்டு மாதமாகியும் அசைவு இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள்: இந்தத் தொழிற்சாலை 2020 ஏப்ரல் முதல் 2021 மே வரை எந்தெந்த மாதத்துக்குக் காசு அனுப்பியது, என் முறைப்பாட்டில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதன் பின் ஆணைக்குழு. ஒரு தாளில் கேட்கப்பட்ட கேள்வி கோப்பை மேசையின் அடியிலிருந்து மேலே கொண்டுவருவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

50 வயதில் எடுப்பதா, விடுவதா?

பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 ஆனதும் சேமலாப நிதியை எடுக்கலாம். வேலையை விட வேண்டும் என்பதில்லை. 2021 இல் வந்த சட்டம் தனியார் துறையில் ஓய்வு வயதை 60 வரை கொண்டுபோனது. அது வேலையில் இருக்கும் உரிமை பற்றியது, உங்கள் காசைப் பூட்டுவது பற்றியதல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு “இனி 60 வயது வரை தரமாட்டார்களாம்” என்று வலயத்துப் போர்டிங்குகளில் பேசப்படுவதை நானும் கேட்டிருக்கிறேன். எடுத்த பிறகும் வேலை தொடர்ந்தால் 8ம் 12ம் தொடர்ந்து போக வேண்டும். பணிக்கொடை தனி; 15 பேருக்குக் குறையாத தொழிலிடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணிக்கப்படும். 60 வரை நின்றால் அது வளரும். ஆகவே அவசரப்பட்டு வேலையை விட வேண்டாம்.

அண்ணர் சொல்லும் நகைக்கு வருவோம். 2022 ஐப் பொறுத்தவரை அவர் சரி. டொலர் 203 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டிய நேரத்தில் தங்கம் வைத்திருந்தவர் பிழைத்தார். ஆனால் நகை என்பது தங்கத்தோடு செய்கூலியும் சேர்ந்த விலை. விற்கப்போகும்போது செய்கூலியை யாரும் தரமாட்டார்கள். வட்டியும் இல்லை. வீட்டில் 28 இலட்சத்துக்கு நகையை வைத்துக்கொண்டு இரவு வேலைக்குப் போகப்போகிறீர்களா? கொஞ்சம் வாங்குங்கள், முழுதாக வேண்டாம்.

மருமகனின் பினான்ஸ் கொம்பனியில் எனக்குத் தயக்கம் அதிகம். அவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு மாத இலக்கு இருக்கும். 2008 இல் கோல்டன் கீ என்ற கடனட்டை நிறுவனம் விழுந்தபோது அதில் போட்டிருந்தவர்களில் பலர் வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள். அது மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இல்லாதது என்பார்கள். சரி, 2020 இல் அனுமதிப்பத்திரம் இரத்தான த பினான்ஸ் கொம்பனி பல பத்தாண்டுப் பெயர் பெற்றது. அனுமதி பெற்ற நிறுவனம் விழுந்தால் வைப்புக் காப்புறுதி உண்டு: ஒருவருக்கு, ஒரு நிறுவனத்தில், 11 இலட்சம் வரை. 28 இலட்சத்தை ஒரே இடத்தில் போட்டால் 17 இலட்சம் வெறும் நம்பிக்கையில் நிற்கும். அரசாங்கத்தை நம்பாதவர் ஒரு கொம்பனியின் கலண்டரை நம்புவது எனக்கு எப்போதும் புதிராகவே இருக்கிறது. வைப்பு வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிப்பார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள். உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வெளிப்படுத்துகைப் படிவம் கொடுத்து அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம்.

என் எண்ணம் இது. பாதியில் நிற்கும் வீட்டுக்காக, 50 ஆகுமுன்பே, 30 வீதத் திட்டத்தைப் பாருங்கள். பத்து வருடச் சேவையும் கணக்கில் மூன்று இலட்சமும் இருந்தால் வீட்டுத் தேவைக்கோ மருத்துவச் செலவுக்கோ 30 வீதம் வரை எடுக்கலாம். உங்களுக்கு அது எட்டு இலட்சத்தைத் தாண்டும். கூரை போடலாம். விலைவாசி ஏறினாலும் கூரை கூரையாகவே இருக்கும். மிச்சத்தை இப்போதைக்கு விட்டுவையுங்கள். நிதியத்தை நம்பி இதைச் சொல்லவில்லை. 50 ஆனதும் உங்கள் கையில் ஒரு சாவி வருகிறது, அதனால் சொல்கிறேன். 2022 இல் உங்களைப் போன்றவர்கள் எரியும் வீட்டுக்குள் பூட்டப்பட்டிருந்தார்கள். இனி நீங்கள் விரும்பிய நாளில் திறந்துகொண்டு வெளியே வரலாம். சட்டம் உத்தரவாதம் தரும் ஆகக் குறைந்த வட்டி வெறும் 2.5 வீதம் என்பதை மறக்க வேண்டாம். 9 வீதத்துக்குக் குறையாது என்று 2023 இல் சொன்னதெல்லாம் அந்த நேரத்து வாக்கு. எனவே வருடத்தில் இரண்டு இலக்கங்களை மட்டும் கொப்பியில் எழுதுங்கள்: நிதியம் அறிவித்த வட்டி, புள்ளிவிபரத் திணைக்களம் சொல்லும் விலையேற்றம். இரண்டாவது முதலாவதை நெருங்கத் தொடங்கினால் விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

மகனுக்கும் கொஞ்சம்

“யார் வந்தாலும் ஒன்றுதான்” என்கிறார் உங்கள் மகன். அவரிடம் 2019 நவம்பரைப் பற்றிக் கேளுங்கள். அந்த ஜனாதிபதித் தேர்தலில் வரிகளைக் குறைப்போம் என்று ஒரு வாக்குறுதி கொடுக்கப்பட்டது. வென்றவர் சொன்னபடி செய்தார். டிசம்பர் 1 முதல் பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. நாங்கள் கைதட்டினோம், நானும் ஒரு குளிரூட்டியை மலிவாக வாங்கினேன். திறைசேரிக்கு வருமானம் குறைந்தது, வெளிநாட்டுக் கடன் கிடைப்பது கடினமானது, மேலே பெருந்தொற்றும் வந்தது, காசு அச்சிட்டார்கள். 2022 ஏப்ரல் 12 அன்று கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. மேலே நான் கணக்குப் போட்டுக் காட்டிய அந்த மூன்று இலட்சத்தின் வேர்களில் ஒன்று, மீறப்படாமல் நிறைவேற்றப்பட்ட ஒரு தேர்தல் வாக்குறுதி. ஆகவே சொன்னதைச் செய்வார்களா என்பதோடு, செய்தால் காசு எங்கிருந்து வரும் என்பதையும் கேட்க வேண்டும். அந்த மேடைகளில் நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

தேர்தல் விஞ்ஞாபனம் ஒப்பந்தம் அல்ல. அதை வைத்து வழக்குப் போட முடியாது. ஆனால் வாக்களிக்கும் உரிமையை வைத்துப் போட முடிந்தது. உங்கள் காசில் கை வைத்த அதே 2023 இல், மார்ச் 9 அன்று நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குக் காசு இல்லை என்றது திறைசேரி. உங்கள் சேமிப்புக்கும் உங்கள் வாக்குக்கும் ஒரே வருடத்தில் ஒரே காரணம் சொல்லப்பட்டது. சேமிப்பு விடயத்தில் நாங்கள் பெரும்பாலும் புலம்பினோம். வாக்கு விடயத்தில் சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2024 ஓகஸ்ட் 22 அன்று, அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டதன் மூலம் நிதியமைச்சராகவும் இருந்த அப்போதைய ஜனாதிபதி மக்களின் அடிப்படை உரிமையை மீறினார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாக ஒரு மாதத்தில், செப்டெம்பர் 21 அன்று, ஜனாதிபதித் தேர்தலில் அவர் தோற்றார். ஒத்திவைக்கப்பட்ட உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6 இல் நடந்தது. உங்கள் மகன் வாக்களிக்கப் போகாத தேர்தல் அதுதான். அந்த வாக்குச் சாவடி திறப்பதற்கு ஒரு வழக்குத் தேவைப்பட்டது என்று அவருக்குச் சொல்லுங்கள். அதற்கு மேல் வற்புறுத்த வேண்டாம். வாக்களிப்பது அவர் முடிவு.

இன்னொன்றை நீங்களே அவருக்குச் சொல்ல வேண்டும். 2011 மே மாதம் உங்கள் போர்டிங் வாசலில் கண்ணீர்ப்புகை அடித்ததைப் பற்றி மூன்றாம் பக்கத்தில் எழுதிவிட்டு, “அதையெல்லாம் விடுங்கள்” என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் விடமாட்டேன். தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் என்ற பெயரில் உங்கள் சேமலாபத்தில் கை வைக்கப் பார்க்கிறார்கள் என்று கட்டுநாயக்கத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். பொலிஸ் சுட்டதில் ரொஷேன் சானக்க என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். சட்டமூலம் திரும்பப் பெறப்பட்டது. பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார். 50 வயதில் முழுக் காசையும் எடுக்கும் உரிமையை நீங்கள் இன்று கையில் வைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதுவதில் அந்த நாட்களுக்கும் பங்கு உண்டு. “எங்களால் ஒன்றும் ஆகாது” என்று மகன் சொல்லும்போது, புகைக்குள் நின்ற அம்மா எதற்காகப் பேசாமல் இருக்கிறீர்கள்?

அந்த வேட்பாளரின் ஆளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரதேச சபைக்கு வடிகான், தெருவிளக்கு, சந்தை, நூலகம் இருக்கின்றன. ஈபிஎஃபில் ஒரு சதத்தைத் தொடும் அதிகாரம் இல்லை. அவர் வென்றிருந்தாலும் இதே கதைதான். நீங்கள் கொடுத்த இரண்டு இலக்கங்கள்தான் எனக்குக் கவலை. அடுத்த முறை தொழில் அலுவலகம் போகும்போது உங்கள் பெயரில் ஏதாவது விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். தொலைபேசியில் யாராவது “ஈபிஎஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்றால் வைத்துவிடுங்கள். அடுத்த தேர்தலில் வீட்டுக்கு வருபவர் பாராளுமன்ற வேட்பாளர் என்றால் அவரிடம் கேட்க இரண்டு கேள்விகள் இருக்கின்றன: நிதியத்தைப் பராமரிக்கும் சபையில் தொழிலாளர் பிரதிநிதியை உட்கார வைக்கச் சட்டம் கொண்டுவருவீர்களா? அந்த 2.5 வீதத்தை எவ்வளவாக மாற்றுவீர்கள்? பதிலைவிட, கேள்வி அவருக்கு விளங்கியதா என்று பாருங்கள்.

இந்த மாதம்

முதலில் தொழில் அலுவலகம், மேலே சொன்னபடி கூட்டாக. 50 வயது விண்ணப்பத்தைப் பற்றி யோசிக்குமுன் அந்தப் 14 மாதத்தை எழுத்தில் பதிந்துவிடுங்கள். காசை எடுத்த பிறகும் உரிமை போகாது. ஆனால் கணக்கு முடிந்தது போலத் தோன்றும் கோப்பை யாரும் ஆர்வமாகப் புரட்டமாட்டார்கள்.

அங்கே இருக்கும்போதே பின்னுரித்தாளியின், அதாவது உங்களுக்குப் பிறகு காசைப் பெற நீங்கள் குறித்தவரின், பெயரையும் பாருங்கள். 2002 இல் சேரும்போது உங்கள் அம்மாவின் பெயரைக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அடுத்த பக்கத்தில் அவர் 2014 இல் காலமானதையும் எழுதியிருக்கிறீர்கள். மகனின் பெயருக்கு மாற்றுங்கள். நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திலும் தனியாக மாற்ற வேண்டும்.

பழைய பே ஷீட்டுகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடப்பதாக வெட்கப்பட்டு எழுதியிருந்தீர்கள். 23 வருடத் தாள்களைப் பத்திரப்படுத்தியவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னிடம் வரும் பத்துப் பேரில் ஒருவரிடம்கூட அது இருப்பதில்லை. அந்தப் 14 தாள்களையும் போட்டோப் பிரதி எடுங்கள், மகனின் போனிலும் படம் பிடித்து வையுங்கள். அதிகாரி கேட்டாலும், கொம்பனியின் மனிதவளப் பிரிவு கேட்டாலும், பிரதியைத்தான் கொடுக்க வேண்டும். மூலத்தைக் காட்டலாம். காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்கி டின்னுக்குள் வைத்துவிடுங்கள்.